எல்டிடி கண்டுபிடிக்கும் லைப்ரரியை நிரல் ஏன் கண்டுபிடிக்கவில்லை?

பிறைவாசி எழுதியது (திங்கள், இரவு 9.40)

வணக்கம். பினாங்கின் பெருநிலப் பக்கம் பிறையில் ஒரு சிறிய நிறுவனத்தில் இயந்திரக் கட்டுப்பாட்டு நிரல்கள் எழுதும் வேலை எனக்கு. எங்கள் இயந்திரம் ஒன்று பாலத்துக்கு அப்பால், தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைக்குள் நிற்கிறது. சில்லுகள் அடுக்கிய தட்டுகளை ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் வைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

நிரலின் பெயரும் தட்டுதான். சி++ மொழியில் எழுதியது. மோட்டார் அச்சுகளை நகர்த்தும் பகுதியைத் தனி ஷேர்ட் லைப்ரரியாக (நிரலை இயக்கும்போது ஏற்றிக்கொள்ளும் தனிக் கோப்பாக) பிரித்து வைத்திருக்கிறோம்: லிப்அச்சு.எஸ்ஓ.2. அது தன் பங்குக்கு லிப்பதிவு.எஸ்ஓ.1 என்ற இன்னொரு லைப்ரரியை அழைக்கிறது. நிரல் இருப்பது /ஆப்ட்/தட்டு/பின் கோப்புறையில், லைப்ரரிகள் இருப்பது /ஆப்ட்/தட்டு/லிப் கோப்புறையில். நிரலைக் கட்டமைக்கும் சிமேக் கருவியில் நிறுவல் ஆர்பாத் (நிரலுக்குள்ளேயே பதியும் லைப்ரரித் தேடல் பாதை) என்று $ஆரிஜின்/../லிப் கொடுத்திருக்கிறேன். நிரல் எந்தக் கோப்புறையில் இருக்கிறதோ அங்கிருந்து ஒரு படி மேலே ஏறி லிப் கோப்புறையில் பார் என்பதற்காக.

அலுவலகக் கணினியில் ஒழுங்காக ஓடுகிறது. தொழிற்சாலைக் கணினியிலும் அதே உபுண்டு 22.04 லினக்ஸ்தான். அங்கே இயக்கினால், ஷேர்ட் லைப்ரரிகளை ஏற்றும்போது பிழை, லிப்அச்சு.எஸ்ஓ.2 என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பு இல்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. ஆனால் அதே கணினியில், நிரலுக்குத் தேவையான லைப்ரரிகளைக் காட்டும் எல்டிடி கட்டளையைக் கொடுத்தால் எல்லா லைப்ரரிகளும் சரியான பாதையோடு வரிசையாக வருகின்றன. இன்னும் குழப்பம் என்னவென்றால், சூடோ போட்டு, அதாவது ரூட் என்ற நிர்வாகியின் அதிகாரத்தோடு, இயக்கினால் ஓடுகிறது. கோப்பு அனுமதிகளைப் பார்த்துவிட்டேன்; எல்லாம் 755, எல்லோரும் படித்து இயக்கலாம்.

தளத்துக்குள் கைப்பேசியும் சொந்த மடிக்கணினியும் கொண்டுபோக முடியாது, காவலர் முகப்பில் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். இணையமும் கிடையாது. அதனால் பிழைச்செய்தியைத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். நிறுவிய குழு செய்ததெல்லாம் கோப்புகளைப் பிரதி எடுத்ததும், ஈதர்காட் (இயந்திரக் கட்டுப்பாட்டு வலையமைப்பு) அட்டைக்காக, நிரல் கோப்போடு தனி அதிகாரத்தை ஒட்டும் செட்கேப் கட்டளை கொடுத்ததும், கணினியை மறுதொடக்கம் செய்ததும்தான். வேறு எதையும் தொடவில்லை என்கிறார்கள். எங்கே தேடுவது என்று யாராவது வழி காட்டுங்கள்.

சுங்கைடுவா எழுதியது (திங்கள், இரவு 10.05)

லைப்ரரி தேடும் இடங்களைச் சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் சூழல் மாறியில் /ஆப்ட்/தட்டு/லிப் என்று கொடுத்து, அந்த வரியை, முனையம் திறக்கும்போது படிக்கப்படும் .பாஷ்ஆர்சி கோப்பில் சேர்த்துவிடுங்கள். ஓடிவிடும்.

பிறைவாசி எழுதியது (செவ்வாய், இரவு 8.15)

நன்றி அண்ணா. இன்று காலையில் செய்து பார்த்தேன். மாறி சரியாக அமைந்திருக்கிறது, எக்கோ கொடுத்தால் மதிப்பு தெரிகிறது. ஆனால் பிழை அப்படியே இருக்கிறது. லிப் கோப்புறைக்குள்ளேயே போய் அங்கிருந்து இயக்கியும் பார்த்தேன்.

மாக்மண்டின் கிழவன் எழுதியது (செவ்வாய், இரவு 11.30)

தம்பி, வேறு எதையும் தொடவில்லை என்று சொல்வதற்கு முந்தைய வாக்கியத்திலேயே தொட்டதை எழுதிவிட்டீர்கள். செட்கேப். உங்கள் பிழையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

லைப்ரரியைத் தேடுவது உங்கள் நிரல் அல்ல. நிரலை இயக்கச் சொன்னதும் இயக்குதளத்தின் மையமான கெர்னல் அந்தக் கோப்பின் தலைப்பகுதியைப் படிக்கிறது. அங்கே லோடரின், அதாவது லைப்ரரிகளைத் தேடி ஏற்றும் சிறு நிரலின், பாதை எழுதப்பட்டிருக்கும். கெர்னல் இரண்டையும் நினைவகத்தில் ஏற்றி, ஆட்டத்தை லோடர் கையில் கொடுத்துவிடுகிறது. உங்கள் மெயின் தொடங்குவதற்கு முன்பே, தேவையான லைப்ரரிகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு லோடர் தேடப் புறப்படுகிறது. தேடும் வரிசை இது: பழைய வகை ஆர்பாத் இருந்து, அதன் புதிய வகையான ரன்பாத் இல்லையென்றால் முதலில் ஆர்பாத், அடுத்து எல்டி_லைப்ரரி_பாத், அடுத்து ரன்பாத், அடுத்து எல்டிகான்ஃபிக் கட்டளை தயாரித்து வைத்திருக்கும் /இடிசி/எல்டி.எஸ்ஓ.கேஷ் என்ற லைப்ரரிப் பட்டியல், கடைசியாக /லிப், /யூஎஸ்ஆர்/லிப் ஆகிய கோப்புறைகள். சிமேக்கில் நீங்கள் ஆர்பாத் என்று எழுதினாலும் உபுண்டுவின் லிங்கர் (கம்பைல் செய்த துண்டுகளை இணைக்கும் கருவி) அதை ரன்பாத்தாகத்தான் பதிக்கும். கோப்புக்குள் பதிந்திருப்பதைக் காட்டும் ரீட்எல்ஃப் -டி கொடுத்துப் பாருங்கள், தெரியும்.

இதெல்லாம் சாதாரண நிரலுக்கு. அழைத்தவனுக்கு இல்லாத அதிகாரம் நிரலுக்கு இருந்தால் கதை மாறுகிறது. யார் இயக்கினாலும் கோப்பின் சொந்தக்காரருடைய அதிகாரத்தோடு ஓடும் செட்யூஐடி நிரல் அப்படிப்பட்டது. செட்கேப் மூலம் கோப்போடு அதிகாரம் ஒட்டிய நிரலும் அப்படிப்பட்டதே. ஈதர்காட்டுக்கு ஈதர்நெட் சட்டகங்களை நேரடியாக அனுப்பவேண்டும், அதற்கு கேப்_நெட்_ரா என்ற அதிகாரம் வேண்டும், அதனால் உங்கள் குழு அதைக் கொடுத்திருக்கிறது. அதில் தவறில்லை. ஆனால் இப்படிப்பட்ட நிரலை இயக்கும்போது கெர்னல் லோடரிடம் ஒரு கொடியையும் சேர்த்து அனுப்புகிறது: ஏடி_செக்யூர். அந்தக் கொடியைப் பார்த்ததும் லோடர் யாரையும் நம்பாத ஆளாகிவிடுகிறது. எல்டி_லைப்ரரி_பாத் மாறியைக் கண்ணெடுத்தும் பார்க்காது. $ஆரிஜின் விரிந்து வரும் பாதையையும், அது /யூஎஸ்ஆர்/லிப் போன்ற இயக்குதளத்தின் சொந்தக் கோப்புறையில் போய் முடியாவிட்டால், சத்தமில்லாமல் தள்ளிவிடும். பிழைச்செய்தியில் இதைப் பற்றி ஒரு சொல்கூட வராது. எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு. பாதையை நிராகரித்தேன் என்று ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? கோப்பு இல்லை என்கிறது, கோப்பு கண் முன்னே இருக்கிறது!

காரணம் மட்டும் நியாயமானது. $ஆரிஜின் என்றால் நிரல் இருக்கும் இடம். ஒரு கோப்புக்கு ஹார்ட்லிங்க் போட்டு அதற்கு இன்னோர் இடத்தில் இன்னொரு பெயர் கொடுக்கலாம். செட்யூஐடி நிரலுக்கு என் சொந்தக் கோப்புறையில் ஒரு ஹார்ட்லிங்க் போட்டு, பக்கத்தில் என் லைப்ரரியை வைத்து இயக்கினால் $ஆரிஜின் என்னுடைய இடமாகிவிடும், ரூட் அதிகாரத்தோடு என் நிரல்வரிகள் ஓடும். இது வெறும் கற்பனை இல்லை. 2010 அக்டோபரில் பாதுகாப்பு ஆய்வாளர் டாவிஸ் ஆர்மண்டி, இந்த லோடரும் அடங்கிய ஜிலிப்சி லைப்ரரியில் இதே ஹார்ட்லிங்க் வழியாக எல்டி_ஆடிட் மாறியைக் கொண்டு ரூட் ஆகலாம் என்று காட்டினார்; சிவிஇ-2010-3847 என்ற பாதுகாப்புக் குறை எண்ணைத் தேடினால் கிடைக்கும். பிறர் கோப்புக்கு ஹார்ட்லிங்க் போடுவதைத் தடுக்கும் வசதி 2012இல் கெர்னல் 3.6இல்தான் வந்தது.

இனி உங்கள் குழப்பங்களைப் பார்ப்போம். எல்டிடி உங்கள் நிரலை இயக்குவதில்லை. லோடரை நேரடியாக அழைத்து, இந்தக் கோப்புக்கு என்னென்ன வேண்டும், சொல் என்று கேட்கிறது. லோடருக்கு செட்கேப் எதுவும் இல்லை, அதனால் கொடியும் வராது. $ஆரிஜினை நம்பி எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுகிறது. கல்யாணப் பெண்ணைப் பார்க்கப் போய் அவளுடைய அக்காவைப் பார்த்துவிட்டு வந்த மாதிரி. சூடோ போட்டால் ஓடுவதற்குக் காரணம், ரூட்டுக்கு எல்லா அதிகாரமும் ஏற்கெனவே இருக்கிறது; செட்கேப் புதிதாக எதையும் கூட்டவில்லை; கொடி வருவதில்லை. அலுவலகத்தில் ஓடுவதற்குக் காரணம், அங்கே யாரும் செட்கேப் கொடுத்திருக்க மாட்டார்கள்.

நாளை போனதும், கோப்போடு ஒட்டிய அதிகாரத்தைக் காட்டும் கெட்கேப் /ஆப்ட்/தட்டு/பின்/தட்டு என்று கொடுத்துப் பாருங்கள். பிறகு அதே பின் கோப்புறைக்குள் சிபி கட்டளையால் தட்டு2 என்று ஒரு பிரதி எடுத்து, அதைச் சாதாரணப் பயனராக இயக்குங்கள். பிரதியோடு அதிகாரம் வராது. பிரதி லைப்ரரிகளைக் கண்டுபிடித்து, ஈதர்நெட் அட்டையைத் திறக்கும் இடத்தில் மட்டும் அனுமதி இல்லை என்று நின்றால் நான் சொன்னது சரி. எல்டி_டீபக்=லிப்ஸ் போட்டுத் தேடும் பாதையைப் பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். மற்ற இடங்களில் அருமையான கருவி, இங்கே அதுவும் வாயை மூடிக்கொள்ளும், அதே கொடியால்.

தீர்வுக்கு என் தேர்வு, $ஆரிஜினை விட்டுவிட்டு முழுப் பாதையைப் பதிப்பது. சிமேக்கில் நிறுவல் ஆர்பாத் /ஆப்ட்/தட்டு/லிப் என்று நேராக எழுதுங்கள். முழுப் பாதையை லோடர் அந்த நிலையிலும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அந்தக் கோப்புறை ரூட்டுக்குச் சொந்தமாக இருக்கவேண்டும். இயந்திரத்தை இயக்குபவரின் கணக்கு அதில் எழுத முடிந்தால், மேலே சொன்ன கதவை நீங்களே திறந்து வைத்ததாகிவிடும்.

சுங்கைடுவா எழுதியது (புதன், காலை 7.50)

ஐயா, லைப்ரரிகளைத் தூக்கி /யூஎஸ்ஆர்/லிப்பில் போட்டால் இவ்வளவு எதற்கு? இல்லையென்றால் எல்டிகான்ஃபிக்.

மாக்மண்டின் கிழவன் எழுதியது (புதன், காலை 8.10)

/யூஎஸ்ஆர்/லிப், பொதிகளை நிறுவும் ஏபிடியின் வீடு. அங்கே கையால் கோப்பு வைத்தால், எந்தப் பொதி எதை மேலெழுதியது என்று ஒரு நாள் இரவு முறைப்பணியில் உட்கார்ந்து தேடுவீர்கள்.

எல்டிகான்ஃபிக் வேறு. அது மரியாதையான வழி. /இடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி கோப்புறையில் தட்டு.கான்ஃப் என்று ஒரு கோப்பு, அதில் /ஆப்ட்/தட்டு/லிப் என்று ஒரே வரி, பிறகு சூடோ எல்டிகான்ஃபிக். கேஷில் இருப்பதை லோடர் எந்த நிலையிலும் நம்பும், ஏனென்றால் அதை எழுத ரூட் வேண்டும். ஆனால் அது கணினி முழுவதற்கும் பொருந்தும். தம்பி அந்த லிப் கோப்புறையில் தன்னுடைய இரண்டு லைப்ரரிகளை மட்டும் வைத்திருந்தால் பரவாயில்லை. ஓப்பன்சிவி போன்ற பொது லைப்ரரி ஒன்றைத் தானே கம்பைல் செய்து அங்கே வைத்திருந்தால், அதே பெயரில் லைப்ரரி தேடும் மற்ற நிரல்களும் அதில் போய் விழலாம்.

இன்னொன்று. எல்டிகான்ஃபிக் வழியில் போவதானால் லைப்ரரிக்குள் எஸ்ஓநேம், அதாவது லோடர் தேடும் பெயர், பதிந்திருக்கவேண்டும். லிங்க் செய்யும்போது -டபிள்யூஎல்,-எஸ்ஓநேம்,லிப்அச்சு.எஸ்ஓ.2 என்று கொடுப்பது அதற்காகத்தான். கோப்பின் உண்மைப் பெயர் லிப்அச்சு.எஸ்ஓ.2.1.0 என்று இருக்கட்டும். எஸ்ஓநேமைப் படித்து லிப்அச்சு.எஸ்ஓ.2 என்ற சுட்டியை எல்டிகான்ஃபிக் தானே உருவாக்கிக்கொள்ளும். எண் எதுவும் இல்லாத லிப்அச்சு.எஸ்ஓ கம்பைல் செய்யும் கணினிக்கு மட்டும் போதும். தொழிற்சாலைக்கு அது தேவையில்லை.

பிறைவாசி எழுதியது (புதன், இரவு 9.20)

ஐயா, நீங்கள் சொன்னபடியே நடந்தது. கெட்கேப் கேப்_நெட்_ரா என்று காட்டியது. பிரதி எடுத்த தட்டு2 லைப்ரரிகளை ஏற்றிக்கொண்டு, அட்டையைத் திறக்கும் இடத்தில் அனுமதி மறுக்கப்பட்டு நின்றது.

அலுவலகத்துக்கு வந்து, தயாரான நிரல் கோப்பைத் திருத்தும் பேட்ச்எல்ஃப் --செட்-ஆர்பாத் /ஆப்ட்/தட்டு/லிப் என்று நிரலில் மட்டும் பாதையை மாற்றி, யூஎஸ்பியில் எடுத்துக்கொண்டு மறுபடியும் பாலம் கடந்து போனேன். நிரலை வைத்துவிட்டு செட்கேப் கொடுத்து இயக்கினால், இப்போது லிப்அச்சு கிடைத்துவிட்டது. ஆனால் லிப்பதிவு.எஸ்ஓ.1 இல்லை என்கிறது! இரண்டும் ஒரே கோப்புறையில்தான் இருக்கின்றன. மாலை நெரிசலில் பாலத்தின் மேல் நின்றுகொண்டு இதையே யோசித்தேன்.

மாக்மண்டின் கிழவன் எழுதியது (புதன், இரவு 9.45)

ரன்பாத்தின் குணம் அது. ஒரு கோப்பில் இருக்கும் ரன்பாத், அந்தக் கோப்பு நேரடியாகக் கேட்கும் லைப்ரரிகளுக்கு மட்டும்தான். தட்டு கேட்பது லிப்அச்சுவை. லிப்பதிவைக் கேட்பது லிப்அச்சு, தட்டு இல்லை. ஆகவே லிப்பதிவுக்கு லோடர் லிப்அச்சுவின் ரன்பாத்தைப் பார்க்கும். சிமேக் அதிலும் உங்கள் பழைய $ஆரிஜின் பாதையைத்தான் பதித்திருக்கும். கொடி இன்னும் இருக்கிறது, பாதை தள்ளப்பட்டது.

பழைய ஆர்பாத் இப்படி இல்லை. மேலே இருக்கும் நிரலின் பாதை பேரப்பிள்ளைகள் வரை இறங்கும். -டபிள்யூஎல்,--டிசேபிள்-நியூ-டிடேக்ஸ் கொடுத்து அதைத் திரும்பப் பெறலாம். எனக்கு அதில் விருப்பமில்லை. எல்டி_லைப்ரரி_பாத்துக்கும் முன்னால் போய் நிற்பது அது, பிறகு சோதனைக்காக வேறு லைப்ரரியைக் காட்டலாம் என்றால் வழிவிடாது. சிமேக்கிலேயே மாற்றி எல்லாவற்றையும் மறுபடியும் நிறுவுங்கள். லைப்ரரிகளிலும் முழுப் பாதை பதியும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: ஒவ்வொரு முறை புதிய நிரல் கோப்பை வைக்கும்போதும் செட்கேப் போய்விடும். பேட்ச்எல்ஃப், கோப்பைச் சிறிதாக்கும் ஸ்ட்ரிப் எது தொட்டாலும் போய்விடும். செட்கேப் கொடுப்பது கடைசி வேலையாக இருக்கட்டும்.

செந்தூல் மலர் எழுதியது (புதன், இரவு 10.30)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கோலாலம்பூரில் இதே மாதிரி கணினிகளைப் பராமரிக்கும் வேலை எனக்கு. தம்பி, அந்த நிரலை யார் தொடங்கி வைக்கிறார்கள்? இயக்குபவர் திரையில் சொடுக்கியா, அல்லது கணினி தொடங்கும்போதே ஓட ஆரம்பிக்கிறதா?

பிறைவாசி எழுதியது (புதன், இரவு 10.42)

திரை நிரல் தனி, அக்கா. தட்டு பின்னணியில்தான் ஓடுகிறது. இப்போது தொடக்கத்தில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் அதை இயக்குகிறது.

செந்தூல் மலர் எழுதியது (புதன், இரவு 11.15)

அப்படியானால் செட்கேப்பே வேண்டாம். பின்னணி நிரல்களைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் சேவையாக மாற்றுங்கள். சேவைக் கோப்பின் சர்வீஸ் பகுதியில் யூசர்= என்று அந்தச் சாதாரணப் பயனர் பெயர், அடுத்த வரியில் ஆம்பியன்ட்கேப்பபிலிட்டீஸ்=கேப்_நெட்_ரா. அவ்வளவுதான். அதிகாரம் கோப்போடு ஒட்டியிருக்காமல், சேவையைத் தொடங்கும்போது சிஸ்டம்டி கையில் கொடுத்து அனுப்புகிறது. இந்த ஆம்பியன்ட் வகை 2015இல் கெர்னல் 4.3இல் வந்தது. இந்த வழியில் வரும் அதிகாரம் ஏடி_செக்யூர் கொடியை எழுப்பாது என்று கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. உங்கள் $ஆரிஜின் பாதைகள் அப்படியே வேலை செய்யும், புதிய கோப்பை வைத்த பிறகு செட்கேப் கொடுக்க மறந்துவிடும் கவலையும் இல்லை.

கவனிக்க வேண்டியது ஒன்று. பழைய கோப்பில் செட்கேப் மிச்சம் இருந்தால் இது பலிக்காது. கோப்பிலேயே அதிகாரம் இருந்தால் ஆம்பியன்ட் தொகுதி அழிக்கப்பட்டுவிடும், கொடியும் திரும்ப வந்துவிடும். செட்கேப் -ஆர் கொடுத்துத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். .பாஷ்ஆர்சியில் போட்ட வரியையும் எடுத்துவிடுங்கள். சேவை அதைப் படிப்பதே இல்லை.

கிழவர் ஐயாவின் முழுப் பாதை வழி தவறில்லை. ஆனால் அடுத்த வாடிக்கையாளர் /ஆப்ட் வேண்டாம், வேறு இடத்தில் நிறுவு என்று சொன்னால் தம்பி எல்லாவற்றையும் மறுபடியும் கம்பைல் செய்ய வேண்டியிருக்கும்.

மாக்மண்டின் கிழவன் எழுதியது (வியாழன், காலை 6.40)

மலர் சொல்வது இந்த இயந்திரத்துக்கு நல்ல வழி, அதையே செய்யுங்கள். ஆளே முனையத்திலிருந்து இயக்கும் நிரலாக இருந்தால் மட்டும் என் வழி.

கிளானாஜெயா எழுதியது (வியாழன், மதியம் 1.05)

இதே போன்ற பிரச்சினை எனக்கும் இருக்கிறது, செட்கேப் எதுவும் இல்லை. என் நிரல் ஒரே ஒரு கோப்புறையிலிருந்து இயக்கினால் மட்டும் லைப்ரரியைக் கண்டுபிடிக்கிறது. ஒரு படி மேலே போய் இயக்கினால் இல்லை என்கிறது. ஆர்பாத் எதுவும் போடவில்லை.

மாக்மண்டின் கிழவன் எழுதியது (வியாழன், மாலை 6.20)

இரண்டில் ஒன்று. ரீட்எல்ஃப் -டி கொடுத்து நீடட் வரிகளை, அதாவது நிரல் கேட்கும் லைப்ரரிகளின் பெயர்களை, பாருங்கள். அங்கே ../பில்ட்/லிப்ஏதோ.எஸ்ஓ என்று சாய்கோட்டோடு இருந்தால், எஸ்ஓநேம் இல்லாத லைப்ரரியை -எல் இல்லாமல் பாதையாகவே லிங்கரிடம் கொடுத்திருக்கிறீர்கள். சாய்கோடு இருந்தால் லோடர் எங்கும் தேடாது. நீங்கள் நிற்கும் கோப்புறையிலிருந்து அந்தப் பாதையை நேராகத் திறக்கப் பார்க்கும். எஸ்ஓநேம் கொடுத்து லைப்ரரியை மறுபடியும் உருவாக்கி, நிரலையும் மறுபடியும் லிங்க் செய்யுங்கள்.

நீடட் வரி சுத்தமாக இருந்தால் எல்டி_லைப்ரரி_பாத் மதிப்பின் கடைசியைப் பாருங்கள். இருக்கும் மதிப்போடு சேர்ப்பதாக நினைத்து எல்லோரும் /ஏதோ/லிப்:$எல்டி_லைப்ரரி_பாத் என்று எழுதுகிறார்கள். முன்பு அந்த மாறி காலியாக இருந்தால் கடைசியில் ஒரு முக்காற்புள்ளி மட்டும் தொங்கும். அதற்குப் பின்னால் இருக்கும் வெற்றிடத்தை லோடர் இப்போது நிற்கும் கோப்புறை என்று எடுத்துக்கொள்கிறது. லைப்ரரி இருக்கும் கோப்புறையில் நின்று இயக்கும்போது மட்டும் ஓடுவது அதனால்தான் இருக்கும். அந்த முக்காற்புள்ளியை எடுத்துவிட்டு, லைப்ரரி இருக்கும் கோப்புறையை ரன்பாத்தாகப் பதித்துவிடுங்கள்.